குண்டில்லாத துப்பாக்கிக்குக் கும்பிடு

செல்லத்துரை கடைக்குள் வந்ததும் ரைஃபிளை மேசையில் வைக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினார். கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

"டாக்டர் ரெண்டு கடை தள்ளி இருக்காரு," என்றேன்.

"அவரு துப்பாக்கிக்கு மருந்து தரமாட்டாரே அண்ணாச்சி."

சாலைக் கடைத்தெருவை ஒட்டி, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர் கடை ஒன்றில் எனக்கு வேலை. படித்து வந்த வேலை இல்லை. பார்த்துப் பார்த்து வந்தது. துப்பாக்கியை விட, அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பேசுகிற பேச்சுதான் என்னை இத்தனை காலம் அங்கே உட்காரவைத்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்கு, செல்லத்துரை கதைதான் என் பதில். பேரல் முனையில் மாட்டித் திருகுகிற சாமான்களால் குறி திருந்துமா, சுடும்போது தோளில் விழுகிற உதை குறையுமா என்பதே அந்தக் கேள்வி.

செல்லத்துரையின் அப்பா போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை வேலை பார்த்தவர். இவர் மலையிறங்கி, விதுரைப் பக்கம் நிலம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டிருந்தார். காட்டுப்பன்னி வந்து குழி பறித்தால் ஒரே ராத்திரியில் பாதி மரச்சீனி போய்விடும். பயிரை அழிக்கிற பன்னியைச் சுடப் பஞ்சாயத்து அனுமதிக்கிற ஆட்களின் லிஸ்டில் இவர் பெயர் இருந்தது. ஆனால் கடைசியாக இரண்டு தடவை குறி தப்பிவிட்டது. அடுத்த மாதம் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு சோதனை. சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்தில் ஐந்தில் நாலு குண்டாவது விழ வேண்டும். விழாவிட்டால் லிஸ்டில் பெயர் இருக்காது. அக்கம்பக்கத்து நாலைந்து தோட்டங்களுக்கும் இவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

சாமான் வந்த கதை

இதற்காக அவர் வாங்கிக் கொண்டுவந்த, பேரல் முனையில் மாட்டுகிற சாமானில் இரண்டு வளையங்கள். முன் வளையத்தைத் திறந்தால் பக்கவாட்டுத் துளைகள் வழியாகப் புகை பீறிடும்; உதை குறையும். இது மஸில் பிரேக். பின் வளையத்தில் ஒன்று முதல் பத்து வரை நம்பர். அதைத் திருகினால் முனையில் உள்ள எடை முன்னும் பின்னும் நகரும். சுடும்போது பேரல் அதிர்கிற விதம் மாறும், சரியான நம்பர் கிடைத்தால் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் விழும் என்பது விற்றவர்கள் வாக்கு. இது டியூனர்.

எங்கள் முதலாளி குரியன் சார் முதலில் பேப்பரைக் கேட்டார். மாவட்ட அலுவலகத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பேரலில் அவர் கை வைக்கவிடமாட்டார். சம்மதம் இருந்தது. மாட்டிக்கொடுத்தேன்.

சுட்டுப் பார்க்க ரேஞ்சுக்குப் போனபோது செல்லத்துரையின் மனைவி பாக்கியமும் வந்தாள். தோட்டத்தில் பன்னிக்கு டார்ச் அடிப்பது அவள்தான். அதனால் இங்கேயும் பழக்கதோஷத்தில் அவர் பக்கத்திலேயே நின்றாள். அவர் சுட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"உதையே இல்ல அண்ணாச்சி. தலையணை வச்சு இடிச்ச மாதிரி."

பாக்கியம் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். "உதை எங்கயும் போகலை. இங்கதான் வந்துருக்கு."

பிரேக் பொய் சொல்லாது. தோளில் குறைகிறதைப் பக்கத்தில் நிற்பவர் காதிலும் கன்னத்திலும் கொண்டுபோய்க் கொடுக்கும். அன்றைக்கு நான் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டேன். எனக்கு டியூனர் மேல்தான் கண்.

ஏழாம் நம்பர்

ஒவ்வொரு நம்பரிலும் மூன்று குண்டு. ஏழில் மூன்றும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழுந்தன. நாங்கள் இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம். மூன்றாம் நம்பரில் தோசை அகலத்துக்குச் சிதறியது. அது ஆகாத நம்பர் என்று அவர் முடிவு கட்டினார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் அதே ஏழு. தோசை.

"ஈரக்காத்து," என்றார் அவர்.

"இருக்கும்," என்றேன் நான்.

"ஏழாம் நம்பருக்கு இன்னிக்கு லீவா அண்ணாச்சி?" என்றாள் பாக்கியம். "ரெண்டு பேரும் ரேடியோவுல இலங்கை ஸ்டேஷன் பிடிக்கமாரி திருகிக்கிட்டே இருக்கீயளே. நான் திருகுதேன். நீங்க பாக்காம சுடுங்க."

ரைஃபிளைக் காலிசெய்து, போல்ட்டைத் திறந்து வைத்தோம். வளையத்தின் மேல் துண்டைப் போட்டு அதற்குள் கைவிட்டாள். பிறகு காது மூடி மாட்டிக்கொண்டு, இந்தத் தடவை பின்னால் போய் நின்றாள். மூன்று குண்டுக்கு ஒருமுறை இதே வேலை.

"இது ஏழுதான். கை சொல்லுது," என்றார் அவர் முதல் தடவை. டார்கெட்டிலும் குண்டுகள் நெருக்கமாகத்தான் இருந்தன. அடுத்ததற்கு, "இது மூணு. ஆடுது பாருங்க." அதுவும் சரியாகச் சிதறியிருந்தது. மூன்றாவது தடவை மறுபடி ஏழு என்றார்.

பாக்கியம் துண்டை எடுத்தாள். வளையம் மூன்றில் இருந்தது.

"முதல்ல வச்சது. அப்புறம் நான் தொடவே இல்ல. துண்டுக்குள்ள சும்மா கையை ஆட்டினேன்."

செல்லத்துரை என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

சிதறலுக்குக் காரணம் வளையத்தில் இல்லை என்றால் வேறெங்கே? முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன். மேகஸினில் குண்டுகளுக்கு நடுவில், அவருக்குத் தெரியாமல் ஒரு டம்மி ரவுண்டு, அதாவது வெடிக்காத போலிக் குண்டு, வைத்தேன். இரண்டு வெடித்தன. மூன்றாவது 'டிக்' என்றது. வெடி இல்லை, உதை இல்லை. ஆனால் பேரல் நாலு விரல் கீழே குனிந்தது, அவர் கண்ணும் இறுக மூடியிருந்தது.

"குண்டே இல்லாத துப்பாக்கிக்குக் கும்பிடு போடுதீயளே," என்றாள் பாக்கியம்.

அடி விழும் என்று எதிர்பார்த்து உடம்பு முந்திக்கொள்வதற்குத் தொழிலில் ஃப்ளிஞ்ச் என்று பேர். பாக்கியம் வைத்த பேர்தான் எங்கள் கடையில் நிலைத்தது. இப்போதும் யார் வந்தாலும், ஆள் கும்பிடுகிறாரா என்றுதான் குரியன் சார் கேட்பார்: "ஆளு கும்பிடுந்நுண்டோ?"

ரைஃபிளில் தோளோடு பதிகிற பின்கட்டையில் தடிமனான ரப்பர் பேட் போட்டேன். காதுக்குள் அடைப்பு, அதன் மேல் மூடி. வீட்டில் தினமும் டம்மி ரவுண்டில் பழக்கம். சுவரைப் பார்த்துத்தான் குறி. பேரல் குனிகிறதா என்று பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

சோதனை

தகரக்கூரைக்குக் கீழே வரிசையாக ஆட்கள். ரேஞ்ச் ஆபீஸர் துளைகளைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "சேட்டா, அது அடைச்சிட்டு வெடி வச்சா போதும். இல்லேல் மத்தவங்க செவி போகும்."

செல்லத்துரை முன் வளையத்தைத் திருகித் துளைகளை அடைத்தார். தோளுக்கு இனி பழைய உதைதான், நடுவில் ரப்பர் மட்டும். அந்த ரப்பரைத் தோளில் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

முதல் குண்டு வட்டத்துக்கு வெளியே, கீழே. கும்பிட்டுவிட்டார்.

இனி ஒன்றுகூடத் தப்பக் கூடாது. அவர் ரைஃபிளை இறக்கிவைத்துவிட்டு, ஒரு காது மூடியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று நினைத்திருப்பார்.

"சாமிக்கு ஒரு கும்பிடு போதும்," என்றாள் பாக்கியம். "மிச்சத்தை நிமிந்து சுடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களுக்கும். சிரித்து முடித்து, மூடியை இறக்கி, மூச்சை விட்டுச் சுட்டார். நாலும் வட்டத்துக்குள். எலுமிச்சம்பழமும் இல்லை, தோசையும் இல்லை. நடுவாந்தரமாக ஒரு இட்டிலி. தட்டுக்கு அது போதும். லிஸ்டில் பெயர் தங்கியது.

கனமான பேரல் உள்ள மேட்ச் ரைஃபிளில், நிறைய குண்டு போட்டுப் பொறுமையாகத் தேடுகிறவர்களுக்கு டியூனர் பலன் தரலாம் என்கிறார்கள். நான் வாதாடமாட்டேன். செல்லத்துரை ரைஃபிளில் நாங்கள் கண்ட பலன், மூன்று குண்டு தற்செயலாக நெருங்கி விழுந்ததற்கு நம்பர் கொடுத்துக் கும்பிட்டதுதான். பிரேக்கோ உதையை உண்மையாகவே குறைத்தது. இன்றும் தனியாகப் பழகும்போது துளைகளைத் திறந்துவைத்துச் சுடுகிறார். தோட்டத்தில், பாக்கியம் டார்ச்சோடு பக்கத்தில் நிற்பதால், அடைத்துவிடுகிறார்.

அதனால் இப்போது யார் அந்த மாதிரி சாமானைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தாலும், பேப்பரைப் பார்த்ததும் நான் கேட்பது பேரல் நீளத்தை இல்லை.

"சுடும்போது உங்க பக்கத்துல யாரு நிப்பா?"