வெறும் நெற்றியோடு ஆராத்தி

பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வீட்டில் மாமியின் குளியலறைக் கண்ணாடியை நினைத்தால், அதன் ஓரமெல்லாம் ஒட்டியிருந்த பழைய ஒட்டுப்பொட்டுகள்தான் முதலில் கண்ணில் வருகின்றன. சிவப்பு, மெரூன், கல் வைத்தது என்று முகம் பார்க்கவே இடமிருக்காது. என் தாய்மாமனின் மனைவி அவர். பொட்டில்லாமல் குப்பை போடக்கூடப் படியிறங்க மாட்டார்.

ஒரு விண்டரில் அந்த நெற்றி நடுவில் கடி, தாங்கமுடியாத அரிப்பு, தொடங்கியது. சிவந்தது, தோல் உரிந்தது, நீர் வடிந்தது. ஹீற்றர் சூடு என்றார்கள். கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். மாமியோ புண்ணை மறைக்க இன்னும் பெரிய பொட்டாக வாங்கி ஒட்டினார். புண் வளர வளரப் பொட்டும் வளர்ந்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். கடைசியில் நானே தோல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் மாமியின் முதுகில் சின்னச் சின்னப் பரிசோதனை ஒட்டுகளை ஒட்டி, மறுமுறை வரும்வரை குளிக்க வேண்டாம் என்று அனுப்பினார். மறுமுறை போனபோது பொட்டுப் பசையைச் சோதித்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. புண் ஆறும்வரை குங்குமம், சந்தனம்கூட நெற்றியில் படக்கூடாது என்று அவர் பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மாமி அழுதுவிட்டார்.

ஒரே மகளின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குத் தானே ஆராத்தி எடுக்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. பொட்டில்லாதவளைக் கணவனை இழந்தவள் என்றல்லவா எங்கள் ஆட்கள் நினைப்பார்கள், ஆராத்தித் தட்டைத் தொட விடுவார்களா?

அன்று மண்டப வாசலில் பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக, கழுவித் துடைத்த நெற்றியோடு தட்டை ஏந்தி நின்றார் மாமி. மாப்பிள்ளையின் பெரியம்மா கைப்பையிலிருந்து பொட்டுப் பக்கற்றை எடுத்துக்கொண்டு விரைந்து வந்தார்.

“என்ன தங்கச்சி, நல்ல நாளிலை வெறும் நெத்தியோடை நிக்கிறியள்? ஒருக்கால் இஞ்சாலை திரும்புங்கோ.”

மாமி அவருடைய கையை மெல்லப் பிடித்து விலக்கினார்.

“அக்கா, என்ரை மனுசன் அங்கை நிண்டு கோப்பி குடிக்கிறார். பொட்டு வைக்காட்டி அவருக்கு ஒண்டும் நடக்காது. வைச்சா எனக்குத்தான் நடக்கும்.”

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். மாமா தூரத்தில் நின்று கோப்பிக் கப்பை உயர்த்திக் காட்டினார். அந்தச் சிரிப்புக்குள்ளேயே மாமி ஆராத்தி எடுத்தார். அன்று எனக்கு வந்த பெருமை என் சொந்தக் கல்யாணத்தில்கூட வரவில்லை.

சாப்பிடும்போது, மாமியின் புண் கதையைக் கேட்டறிந்த அந்தப் பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பொட்டை மெல்ல உரித்துக் காட்டினார். அடியில் சிவந்த வட்டம்.

“எனக்கும் கனகாலமாக் கடிக்குது பிள்ளை. மாமி காட்டின டொக்டர் ஆர்?”

கேட்டாரே தவிர, நன்றாகப் பிந்தித்தான் போனார். மாமியின் நெற்றி இப்போது பளிச்சென்று இருக்கிறது. நினைத்தால் சந்தனம் வைக்கிறார். போன கோடையில் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். அவருடைய புண் அப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. ஆராத்தித் தட்டும் கையுமாக, வெறும் நெற்றியோடு வாசலுக்கு வரத் தயங்கி நின்றார். மாமி தன் சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் போய், அந்த ஆராத்தித் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார்.