பெரியத்தை ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தையைத் தொடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அடுத்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைக்காமல் அப்படியே உலரவிட வேண்டும். பிறகு சளியோ இருமலோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கடைசியாகப் பெரியத்தை தலையை அசைக்க வேண்டும். அவர் தலை அசையவில்லை என்றால் முன்னே செய்ததெல்லாம் வீண். நான் இப்போது வேலை செய்யும் ஆலையில் எந்த இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்பும் இப்படி ஒரு வரிசை போட்டுக்கொள்கிறேன். அதைப் பொறியியல் கல்லூரியில் கற்றேன் என்று உடன் வேலை செய்பவர்கள் நினைக்கிறார்கள்.

பெரியத்தை என் அப்பாவின் மூத்த அக்கா. அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் கணவரை இழந்து, தம்பிகளான அப்பாவையும் சித்தப்பாவையும் வளர்த்து ஆளாக்கி, பள்ளிபாளையத்தில் எங்களோடு இருந்தார். எங்களோடு இருந்தார் என்பதைவிட, நாங்கள் அவரோடு இருந்தோம் என்பது சரி. விடிந்ததும் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்பார். பொழுது சாய்ந்ததும் வீட்டில் செபமாலை. ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை நாங்கள் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தை மீறிக்கொண்டு அவர் குரல் கேட்கும்.

வார்டுக் கதைகள் சொல்வார். அதில் ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பிறந்த குழந்தை பங்குச் சாமியார் வந்து சேரும்வரை தாங்காது என்று தெரிந்து, கிறிஸ்தவளான தாயும் கேட்டுக்கொண்டால், நர்சே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். கோயில் அதை ஏற்றுக்கொள்ளும். அப்படி அவர் நிறையக் குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, எங்கள் பெரியத்தைக்குச் சாமியார் வேலையும் தெரியும் என்பதை மட்டும்தான்.

எனக்கு ஏழு வயதில் தம்பி பிறந்தான், மாதம் நிறையாமல். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் குணமாகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். போர்வெல் லாரியில் வடக்கே போயிருந்த அப்பா வந்துவிட்டார். வரும் வழியில் எனக்கு வெள்ளை கவுன் வாங்கி வந்திருந்தார். தம்பி கொஞ்சம் தேறியதும் கோயிலில் ஞானஸ்நானம், பிறகு எல்லோருக்கும் பிரியாணி, வெள்ளைக் கிரீம் வைத்த கேக் என்று சொன்னார். பிரியாணிக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டார். தேறுவதென்றால் என்ன என்று தெரியாமல், தம்பி தேறிட்டானா என்று தினமும் கேட்டேன்.

பெரியத்தை அவனை அம்மாவின் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிவைத்திருந்தார். தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை. பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாகப் பால் ஊட்டினார். அந்த அறையில் நாங்கள் எல்லோரும் அவருடைய வார்டு ஆட்களாகிவிட்டோம்.

ஒரு மதியம் பால் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்தது. பெரியத்தை அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடித் தலையசைத்தாள்.

"ஒரு டம்ளர் தண்ணி கொண்டா சாமி. வெதுவெதுன்னு இருக்கோணும்" என்றார் என்னிடம்.

வாசலில் நின்ற அப்பா, எதற்குத் தண்ணீர் என்று கேட்டார். ஞானஸ்நானத்துக்கு என்றார் பெரியத்தை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஓடிப்போய் முதலில் வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் தண்ணீர்.

டம்ளரோடு வந்தபோது அப்பா நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். சாமியாரைக் கூட்டி வருகிறேன், கோயிலில் வைத்துச் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கவுனில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. என் கையிலிருந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஊத்தாதீங்க அக்கா. நீங்க ஊத்துன கொழந்தைல ஒண்ணாச்சும் பொழைச்சிருக்குதுங்களா?"

பெரியத்தை அப்பாவைச் சின்ன வயதில் எப்படிக் கூப்பிட்டிருப்பாரோ அப்படிக் கூப்பிட்டார்.

"நா ஊத்தாம உட்டா அவன் பொழைச்சுக்குவான்னா, நா ஊத்தவே மாட்டேஞ் சாமி."

அப்பா டம்ளரை விட்டுவிட்டார். கொஞ்சம் தண்ணீர் என் கவுனில் சிந்தியது.

பெரியத்தை தண்ணீரை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். பெயர் என்ன என்று கேட்டார். யாரும் வாய் திறக்காததால் நான் சொன்னேன். அந்தப் பெயரை அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வைத்ததில்லை. நானும் இங்கே எழுதவில்லை. பிதா என்றபோது அவர் குரல் கணீரென்று இருந்தது. சுதன் என்றபோது இறங்கிவிட்டது. அதற்கு மேல் விசைத்தறிச் சத்தம்தான் கேட்டது. ஆமென் என்று நான் மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

உடனே அவர் துண்டை எடுத்து அவன் தலையை ஒற்றித் துடைத்தார். ஒருமுறை துடைத்துவிட்டு, திரும்பவும் துடைத்துக் குல்லாயைப் போட்டார். "ஈரம் நின்னா சளி புடிச்சுக்கும்" என்றார். நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். சளி பிடிக்கும் என்று பயப்படுகிறார் என்றால் தம்பி தேறிவிட்டான் என்றுதான் அர்த்தம் என்று நான் கணக்குப் போட்டேன். அப்பாவுக்கும் அந்த நொடியில் அப்படித் தோன்றியிருக்க வேண்டும்.

கோயிலில் மாலை மணி அடிக்கும் முன் தம்பி போய்விட்டான்.

மறுநாள் காலை அடக்கம் செய்தோம். வேறு வெள்ளைத் துணி இல்லாததால் நான் அதே கவுனைப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நாளில் அப்பா லாரிக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அக்காவிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். பெரியத்தை தன் பக்கத்தை ஒருநாளும் எடுத்துச் சொல்லவில்லை. அம்மா தலையசைத்ததையும் யாரிடமும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த அன்று மாலை எல்லோரும் மாதா சுரூபத்தின் முன் செபமாலைக்கு உட்கார்ந்தோம். பெரியத்தை தொடங்குவார் என்று காத்திருந்தோம். அவர் என் பக்கம் திரும்பி, "நீ ஆரம்பி சாமி" என்றார்.

சித்தப்பா என் தலையைத் தடவி, "அக்கா எடத்துக்கு ஆள் வந்தாச்சாட்டம் இருக்குது" என்றார். அந்த இரண்டு நாளில் வீட்டில் ஒருவர் சிரிக்கப் பார்த்தது அப்போதுதான்.

அன்று முதல் நான்தான் தொடங்கினேன், கல்லூரி விடுதிக்குப் போகும்வரை. பெரியத்தை பூசையை விடவில்லை. வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பையும் விடவில்லை. மாலையில் என் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வார். மறுபாதியில் அம்மா குரல் கேட்கும், சித்தப்பா குரல் கேட்கும். அவர் கையில் செபமாலை இருக்கும். செபம் முடியும்வரை விரல் முதல் மணியிலேயே இருக்கும்.

போன மாதம் அவருடைய அடக்கப் பூசையில், கடைசி மூச்சுவரை செபத்தைக் கைவிடாத பெண்மணி என்று சாமியார் பேசினார். எல்லோரும் தலையசைத்தார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு வயதில் நானும் அந்த விரலைப் பார்த்தேன். நான் எங்கேனும் தப்பாகச் சொல்கிறேனா என்று கவனித்துக் கேட்பதால்தான் மணியை நகர்த்த மறக்கிறார் என்று நினைத்தேன். என் குரல் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அதனால் மறுநாள், விசைத்தறியை மீறிக் கேட்கட்டும் என்று, இன்னும் உரக்கச் சொன்னேன்.