ஆமென் சொல்லும்வரை

எங்கள் மவுண்ட் நெபோ சபையில் பாஸ்டர் பேச்சைத் தட்டலாம். மூப்பர்கள் பேச்சைத் தட்டுவது வழக்கமே. கர்த்தர் பேச்சை வாரத்தில் ஆறு நாள் தட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் சிஸ்டர் எர்னஸ்டின் கேட்ஸ்டன், வெள்ளைக் கையுறை போட்ட கையை உயர்த்திவிட்டால் அதைத் தாண்டிப் போக சவுத் கரோலினாவில் இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை.

நாற்பத்திரண்டு வருடமாக வாசலில் நிற்கிறார், வாசல் ஊழியர்களுக்கு அவர்தான் தலைவி. அறுபத்துமூன்று வயது, ஒடிசலான உடம்பு, வாரநாளில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பு, வெள்ளைக் காலணி, முன்கதவு. பின்கதவு என்னுடையது. என் பெயர் ரூஃபஸ். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது, ஆனாலும் அவருக்கு நான் புது ஆள்தான்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஜெபம் தொடங்கினால் கதவு சாத்தப்படும். ஆமென் வரும்வரை உள்ளே இருப்பவர் எழுந்து நடக்கக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. கட்டிய புருஷன் ஒருநாள் தாமதமாக வந்தபோது அவரையும் வெளியே நிறுத்தினார். ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளர் கொட்டும் மழையில் பதினேழு நிமிடம் நின்றார். உள்ளே எங்கள் மூப்பர் ஒருவர், வேண்டுமென்றே, ஆப்பிரிக்கா முழுவதற்கும் நாடு நாடாக ஜெபித்துக்கொண்டிருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையைச் சேர்ந்த லொரீதா ஸ்மால்ஸின் ஒரே மகன் டெரிக். இருபத்துநான்கு வயது, ஏ.சி. மெக்கானிக். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் நிறுத்தினார். அரைமணி நேரத்தில் பையன் இல்லை. துப்பாக்கியை எடுக்கப் போனான் என்றார்கள். அந்தத் துப்பாக்கியை இன்றுவரை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை. போலீஸ் வண்டியின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதைக் காட்டுங்கள் என்று லொரீதா ஐந்து மாதம் அலைந்தாள். மாவட்ட மன்ற உறுப்பினர் ஒருவர் அவளிடம் மனம்விட்டுச் சொன்னாராம்: "இத பாருங்கம்மா, உங்க சபை மட்டும் கேட்டா அது புகார். வெள்ளைக்காரங்க சபையும் சேந்து கேட்டாத்தான் அது பொதுமக்கள் விருப்பம்."

நாங்கள் பொதுமக்கள் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வெள்ளைக்காரர் சபை கிரேஸ் மெடோ. எங்களிடமிருந்து இரண்டு தெரு தள்ளி, எங்களைவிட நாலு மடங்கு பெரிது. அதன் பாஸ்டர் டாட் விட்மயர் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். டெரிக் செத்த மறுநாளே வந்து லொரீதாவைக் கட்டிப்பிடித்து அழுதார். எவ்வளவு அழுதார் என்றால், கடைசியில் லொரீதாதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "பரவால்ல பாஸ்டர், மனச தேத்திக்கங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. பதிவைக் காட்டச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாக வாக்கும் கொடுத்தார். பிறகு அதைக் குழுவில் வைத்துப் பேச வேண்டும் என்றார். பிறகு குழுவில் ஒருவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. பிறகு கிறிஸ்துமஸ். கடிதம் கிடந்தது கிடந்தபடியே கிடந்தது.

அதற்குப் பதிலாக ஒரு கூட்டு ஆராதனை வந்தது. 'காயம் ஆற்றும் மாலை' என்று பெயர், எங்கள் சபையில், ஞாயிறு மாலை நாலு மணிக்கு. நிகழ்ச்சி நிரலை அவர்களே வழவழத் தாளில் அச்சடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் டெரிக்கின் பெயர் இல்லை. 'சமீபத்திய துயர நிகழ்வு' என்று இருந்தது. கடைசிக்கு முந்தின வரி: 'தாயின் ஜெபம், இரண்டு நிமிடம்'.

சிஸ்டர் எர்னஸ்டின் அதை ஒருதரம் வாசித்தார். மடித்தார்.

"ரெண்டு நிமிஷமாம், ரூஃபஸ்."

"கல்யாண வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னாடி பண்ற ஜெபமே ரெண்டு நிமிஷம் ஆகுமே சிஸ்டர்" என்றேன்.

"வாய மூடு. பின்கதவுக்குப் போ."

முன்கதவு அருகே சிறு மேசை. அதில் கடிதமும் பேனாவும். எங்கள் ஆட்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். கிரேஸ் மெடோவிலிருந்து நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். நாற்பத்துமூன்று பேரும் மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் கூரையில் அப்படி ஒன்றும் இல்லை, ஒழுகின கறைதான்.

பாட்டு நடந்தது. எங்கள் பாடகர் குழு பாடும்போது அவர்கள் தாளம் தப்பித் தட்டினார்கள், போகட்டும். விட்மயர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். மன்னிக்க வேண்டியவர்கள் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை, எங்களைப் பார்த்தேதான் பேசினார். பிறகு லொரீதா எழுந்துபோய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். சிஸ்டர் எர்னஸ்டின் கதவைச் சாத்தினார்.

லொரீதா கூச்ச சுபாவம். சபைக் கூட்டத்தில் கை தூக்கக்கூட யோசிப்பாள். அன்றைக்கு அவள் மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி, ஆரம்பித்தாள்.

"கர்த்தாவே, எம் மகன் பேரு டெரிக் ஆண்ட்வான் ஸ்மால்ஸ். இந்தத் தாள்ல அத எழுத மறந்துட்டாங்க. உமக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். அவனுக்கு பன்னெண்டாம் நம்பர் செருப்பு. பீன்ஸ் புடிக்காது. அன்னைக்கு என் அடுப்புல பீன்ஸ்தான் வெந்துட்டிருந்துது. வந்து மொகத்தச் சுளிப்பானேன்னு நெனச்சிட்டிருந்தேன்..."

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. டெரிக் நடை பழகினதிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் "ஆமாம்மா", "சொல்லும்மா" என்று குரல்கள். பத்தாவது நிமிடத்தில் விருந்தாளிகளில் நாலைந்து பேர் மெல்ல எழுந்து, கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வந்தார்கள். அடுத்த ஊர் ஓட்டலில் ஆறு மணிக்கு மேசை சொல்லி வைத்திருந்ததாகப் பிறகு கேள்வி.

வெள்ளைக் கையுறை உயர்ந்தது.

அவர்களில் மூத்தவர், இன்சூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கிசுகிசுத்தார்: "அம்மா, கதவ இப்படி மறிச்சு நிக்கிறது தீயணைப்புச் சட்டப்படி தப்பு."

"தீ புடிச்சா சொல்லுங்க ஐயா. தொறந்து விடறேன்."

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. விரலால் தள்ளினால் திறக்கும். ஆனால் எங்கள்மேல் அன்பு காட்டவென்று வந்தவர்கள், அத்தனை கண்கள் பார்க்க, ஒரு கருப்புக் கிழவியைத் தள்ளிவிட்டுப் போவதெப்படி? வந்த வழியே திரும்பிப்போய் உட்கார்ந்தார்கள். எனக்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அதற்கும் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இருபது நிமிடம். லொரீதாவின் குரல் உயரவே இல்லை.

"கர்த்தாவே, பதினோரு நிமிஷம் அவன் ரோட்டுல கெடந்தான்னு சொல்றாங்க. அந்தப் பதினோரு நிமிஷத்தையும் நீர் பாத்தீர். அந்தக் கேமராவும் பாத்துது. பெத்தவ மட்டும் பாக்கக் கூடாதாம். அந்த மேசையில ஒரு கடிதம் இருக்கு ஆண்டவரே. பேனாவும் இருக்கு. பேனால மை இருக்கு, நானே கிறுக்கிப் பாத்துட்டேன். இவங்க யாருக்கும் கை வலி இல்ல, பாட்டுக்கு நல்லாத்தான் தட்டினாங்க. அதுல பேரு விழுற வரைக்கும் நான் ஆமென் சொல்லப் போறதில்ல. முட்டி தேஞ்சாலும் தேயட்டும்."

அவர்கள் பக்கம் முகங்கள் சிவந்தன. அப்போது, உள்ளதைச் சொல்ல வேண்டும், விட்மயர் எழுந்தார். கன்னமெல்லாம் ஈரம். நேரே மேசையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். போடப் போகிறார், ஐந்து மாதத்துக்குப் பிறகு போடப் போகிறார்!

வெள்ளைக் கையுறை உயர்ந்தது.

"சிஸ்டர், நான் கையெழுத்துப் போடத்தான்..."

"ஜெபம் நடக்குது பாஸ்டர்."

"அதுக்குத்தானே அவங்க ஜெபமே பண்றாங்க!"

"ஆமென் வரட்டும்."

மனிதர் திகைத்துப்போய்த் திரும்பி உட்கார்ந்தார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. இவர் பேர் போட்டால்தான் அவள் ஆமென் சொல்வாள். அவள் ஆமென் சொன்னால்தான் இவர் நடக்கலாம். இப்படியே போனால் மூன்று பேரும் கர்த்தருடைய வருகைவரைக்கும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். நான் பின்கதவிலிருந்து கையால் ஜாடை காட்டினேன்: விடுங்க, விடுங்க சிஸ்டர்! அவர் என்னைப் பார்க்கவே இல்லை. லொரீதாவின் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடை ஆடுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

பிறகு சிஸ்டர் எர்னஸ்டின் கதவை விட்டு நகர்ந்தார்.

மேசையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பேனாவை எடுத்தார். காணிக்கைத் தட்டில் இரண்டையும் வைத்தார். நடு வழியில், ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது, நடந்தார். மரத் தரையில் அவர் காலணி டக் டக்கென்று கேட்டது. எங்கள் கிழவி ஒருத்தி, "யேசப்பா, எர்னஸ்டின் நடக்கிறா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

தட்டு விட்மயரிடம் நீட்டப்பட்டது. முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தட்டு அடுத்தவரிடம் போனது. காணிக்கைத் தட்டு தன் முன்னால் வந்தால், அதுவும் சிஸ்டர் எர்னஸ்டின் பக்கத்திலேயே நின்றால், வெறுமனே தள்ளிவிடுவது யாருக்கும் அவ்வளவு சுலபமில்லை. இருந்தும் தள்ளிவிட்டவர்கள் உண்டு. நாற்பத்துமூன்றில் பதினாறு பேர் போட்டார்கள். தீயணைப்புச் சட்டக்காரர் போட்டார் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

லொரீதா தலையைத் தூக்கவில்லை. காலடிச் சத்தம் திரும்பி வாசலுக்குப் போய் நின்றதைக் கேட்டாள். "ஆமென்" என்றாள். முப்பத்தெட்டு நிமிடம்.

பிறகு கீழ்க்கூடத்தில் சாப்பாடு. சிவப்புச் சோறு, பொரித்த மீன், எங்கள் வீட்டு எலுமிச்சை கேக். அவர்கள் தரப்பில் கடை பிஸ்கட். விட்மயர் சிஸ்டர் எர்னஸ்டினின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வாழ்க்கையிலயே இப்படி ஒரு ஆராதனைய பாத்ததில்ல சிஸ்டர். இத வருஷா வருஷம் வச்சுக்கணும்."

"அப்ப வருஷத்துக்கு ஒருத்தன் சாகணுமே பாஸ்டர்" என்றார் சிஸ்டர் எர்னஸ்டின். "மீன் எடுத்துக்கங்க, ஆறிடும்."

அவர் மீன் எடுத்துக்கொள்ளவில்லை.

பொதுமக்கள் விருப்பம் மார்ச் மாதம் நிறைவேறியது. பதிவைக் காட்டினார்கள். டெரிக்கின் இரண்டு கையும் கடைசிவரை ஸ்டியரிங் மேல்தான் இருந்தன. அந்தப் போலீஸ்காரர் வேலையை இழந்தார், பக்கத்து மாவட்டத்தில் வேறு வேலையும் கிடைத்தது. வழக்கு நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. விட்மயரைப் போன கோடையில் ஒரு சின்னச் சபைக்கு மாற்றிவிட்டார்கள். குழு அந்த முடிவை மட்டும் ஒரே கூட்டத்தில் எடுத்தது.

சிஸ்டர் எர்னஸ்டின்? அந்த வாரமே ஊழியர் கூட்டத்தில் தன்மேல் தானே புகார் கொடுத்தார். ஜெபத்தில் நடந்த ஊழியருக்கு நாலு ஞாயிறு வேலை கிடையாது, அவர் எழுதின விதிதான். "போகட்டும் சிஸ்டர், யாரு கேக்கப் போறா" என்றோம். முறைத்தார். அடுத்த ஞாயிறு வெள்ளை உடுப்பில்லாமல், ஒரு நீலச் சட்டையில், லொரீதாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முன்கதவு எனக்கு வந்தது.

வாசலில் நிற்பவர்கள் ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை. நாற்பத்திரண்டு வருடம் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்த மனுஷி, அன்று கண்ணை மூடினார். சிறிது நேரத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தது. "லெமுவேல்." பிறகு சத்தமாக: "லெமுவேல்! லெமுவேல்!" தோள் குலுங்கியது. லொரீதா அவரை இழுத்து அணைத்துக்கொண்டாள். வயதானவர்கள் நாலைந்து பேர் அந்தப் பெயரைக் கேட்டு விம்மினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றேன்.

ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் கேட்டேன். "யாரு சிஸ்டர் அந்த லெமுவேல்?"

"எந் தம்பி. பத்தொம்போது வயசு. எண்பத்தொண்ணுல ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, காலைல பொணமா குடுத்தாங்க. தானா நெஞ்சு நின்னுருச்சாம்."

அவர் கைப்பையைத் திறந்தார், மூடினார்.

"அப்பவும் அந்தச் சபைக்காரங்க வந்தாங்க ரூஃபஸ். அப்பவும் எங்கப்பா ஒரு கடிதம் வச்சிருந்தாரு. அம்மா ஜெபம் பண்ணிட்டிருந்தா. அவங்க எழுந்து வந்தாங்க. நான் இருபத்தோரு வயசுப் பொண்ணு, வாசல்ல நின்னேன். வெள்ளைக்காரங்களாச்சேன்னு கதவத் தொறந்து விட்டு, பத்தரமா போய்ட்டு வாங்கன்னு சொன்னேன்."