சரசு அக்காவின் மஞ்சள் எழுத்து

கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பது, பாதி நேரம் கம்ப்யூட்டரில் ஒன்றுமே கெட்டுப்போகாத தொழில். இதே பிழைப்பில் அல்லாடுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். எனக்கோ ஓரிடத்தில் கால் நிற்காது. தானா ராத்தா ஊரில் என் கடையில் இருந்தால் மலைமேல் தோட்டத்தில் என்ன ஆச்சோ என்றிருக்கும். மலைக்குப் போனால் கடையில் யார் காத்திருக்கிறார்களோ என்றிருக்கும். அப்படிப்பட்டவனைப் பிடித்துத் திரையின் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்க வைத்தவர், தேயிலைத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சரசு அக்கா.

கொழுந்துப் பச்சை

எழுத்தே தெரியவில்லை என்று அக்காவிடமிருந்து போன். மழையில் மோட்டார் பைக்கை விரட்டிப் போனால் திரையில் ஒரு கோளாறும் இல்லை. வெள்ளைப் பின்னணி கூசுகிறதாம். கரும்பச்சையில் இளம்பச்சை எழுத்து வேண்டுமாம். ஆபீசுக்கு வருமுன் அக்கா கொழுந்து பறித்தவர். முற்றிய இலைகளுக்கு நடுவே கொழுந்து பளிச்சென்று தெரியுமே, அந்தக் கணக்கு. போட்டுக் கொடுத்தேன். திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

“செடியில தெரிஞ்சது இதுல ஏன் தம்பி தெரிய மாட்டேங்குது?”

காணாமல் போன ஆட்கள்

அடுத்த வாரம் மறுபடி போன், அழுகிற குரலில். கொழுந்து எடை பதிந்த ஆட்களின் பெயர்களைத் தேர்வு செய்ததும் எல்லாம் அழிந்துவிட்டதாம். பனிமூட்டத்தில் காய்கறி லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதே எனக்கு எரிச்சல். மஞ்சள்தான் கொஞ்சம் பிடிபடுகிறது என்று அக்காவே நிறங்களில் கைவைத்திருந்தார். தேர்வு செய்த வரியில் பட்டையும் மஞ்சள், எழுத்தும் மஞ்சள். வேறிடத்தில் ஒரு கிளிக் செய்தேன். எல்லா ஆட்களும் திரும்பி வந்துவிட்டார்கள்.

“ரெண்டும் ஒரே மஞ்சள்னு கூடவா தெரியல?” என்று கத்தினேன். அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். கண்ணில் புரையாம். தோட்ட மேனேஜரான துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

“ஈப்போ ஆஸ்பத்திரியில ஆபரேசனுக்கு நாள் குடுத்திருக்காங்க, அது வரைக்கும் ஏதாச்சும் பண்ணு லா.”

துரையின் கண்ணாடி

கறுப்புப் பின்னணி, தடித்த மஞ்சள் எழுத்து, தேர்வு செய்தால் வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்து. அக்கா நாற்காலியில் சாய்ந்தபடியே படித்தார். அந்த நேரம் பார்த்துத் துரை உள்ளே வந்து, இதென்ன கோலம் என்றார். இப்போது எல்லா ஆபீசிலும் இதுதான் சார் என்று கூசாமல் புளுகினேன். துரை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.

“நல்லாத் தெரியுதே, என்னோடதுக்கும் போட்டுட்டுப் போ லா.”

ஆபரேஷனுக்குப் பிறகு

வருட லீவைப் போட்டு ஆபரேஷனை முடித்துக்கொண்டு அக்கா வேலைக்குத் திரும்பினார். வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை. எனக்கு ஏக சந்தோஷம். இனி அந்த மலைப்பாதைக்கு அவசரமாக ஓட வேண்டாம் என்று டீயைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது.

“யாரு தம்பி இப்படிக் கண்ணைக் குத்துற மஞ்சளைப் போட்டது, உடனே வந்து மாத்திட்டுப் போ!”

ஆக, அக்காவுக்குக் கண் தெரியாவிட்டாலும் நான் மலையேற வேண்டும், தெரிந்துவிட்டாலும் மலையேற வேண்டும்.