நல்ல வார்த்தைக்கு மேலே வராதவர்

அண்ணனின் கையை நான் உடைத்தது ஒரு பங்குனி மாதக் காலையில். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, பெரியப்பா மகன். நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு என்று முறை. அவரவர் நாளில் அவரவர் மாட்டைப் பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொள்ள வேண்டும். என் முறையன்று விடிந்ததும் போனால், அவருடைய மாடுகள் நடந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் அவருடைய பருத்திக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கி, அதன் மூங்கில் கம்பாலேயே அடித்தேன். நாலாவது அடியை அவர் இடது கையால் தடுத்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்ட பிறகும் இரண்டு அடி அடித்தேன். அதை இன்றைக்கு மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

அவர் ஒன்றும் பசுவல்ல. அதற்கு முந்தின வருஷம் என் செவலைக் காளையின் கொம்பைக் கடப்பாரையால் அடித்து முறித்தவர். என் வலது காதின் மேல் நுனி இன்று இல்லையென்றால் அதற்கு அவருடைய பல்தான் காரணம். நாங்கள் இருவரும் வரப்பில் எதிரெதிரே வருவதைப் பார்த்தால் களையெடுக்கும் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அக்கட்டால் போய்விடுவார்கள். அவரை நான் வையாத வசவு இல்லை, அவர் என்னை வையாத வசவும் இல்லை. அப்படியே பத்து வருஷம் ஓடிவிட்டது.

கையை உடைத்ததற்கு எனக்கு நாலு மாதம் ஜெயில். சேலத்து ஜெயிலில் கதர்க்காரர்கள் நிறையப் பேர் அடைபட்டிருந்த காலம் அது. விடுதலையாகிப் போன ஒருவர் விட்டுச்சென்ற புத்தகம் ஒன்று எங்கள் கொட்டடியில் கைமாறிக்கொண்டிருந்தது. அட்டை கிடையாது, முதல் சில பக்கமும் கிடையாது. எழுதிய மகராசன் யார் என்று தெரியாது. பிறர் மனம் கோணாமல் பேசி நம் பக்கம் இழுப்பது எப்படி என்பதுதான் விஷயம். கோபம் வந்தால் மனதுக்குள் பத்து வரை எண்ணு என்றது. எதையும் கேட்குமுன் எதிராளியிடம் உள்ள ஒரு நல்லதைச் சொல்லிப் பாராட்டு என்றது. உன் தவறை நீயே முதலில் ஒப்புக்கொள், எதிராளி தானே இளகிவிடுவான் என்றது. எனக்கு அதைப் படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. முப்பத்திரண்டு வயது வரை கையையும் கம்பையும் தவிர வேறு பாஷை தெரியாமல் இருந்துவிட்டேனே என்று ஒரு நாள் உட்கார்ந்து அழுதேன். மனிதனாகத்தான் வெளியே போவது என்று முடிவு செய்தேன்.

வெளியே வரும்போது, ஒரு வருஷத்துக்கு யாரோடும் வம்புக்குப் போவதில்லை, யாரையும் வைவதுகூட இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மீறினால் மறுபடியும் உள்ளே. இந்தத் தடவை நாலு மாதத்தோடு விடமாட்டோம் என்று அதிகாரி விரலை ஆட்டிச் சொன்னார். நான் அவருடைய கையெழுத்து மிகவும் அழகாக இருப்பதாகப் பாராட்டினேன். அவர் என்னை வெளியே தள்ளச் சொன்னார்.

வீட்டில் முதல் சோதனை. என் மனைவியை நான் அடித்ததுண்டு, குழம்பில் உப்புக் கூடியதற்கெல்லாம் அடித்திருக்கிறேன். அன்று சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குச் சாறு ரொம்ப நல்லா இருக்குது சாமி" என்றேன். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"ஏனுங்க, எவளையாச்சும் பாத்து வெச்சுப்போட்டு வந்திருக்கறீங்களா?" என்றாள்.

நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எட்டு நாள் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அடித்தபோதெல்லாம் போகாதவள், பாராட்டியதும் போனாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அடுத்தது அண்ணன். அவருக்கு அப்போது ஒரு சோடி மயிலைக் காளைகள் இருந்தன, தம்மம்பட்டிப் பக்கமிருந்து பிடித்து வந்தவை. ஒரு சாயங்காலம் அவர் அவற்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்தச் சோடி மாதிரி இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்கண்ணா. என்ன ஒரு நெஞ்சு! என்ன ஒரு நடை!" என்றேன்.

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பாராட்டு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாட்டைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் தவழும் குழந்தைக்குத் தெரியும்; எனக்கும் தெரியும். ஆனால் புத்தகத்தில் பாராட்டச் சொல்லியிருந்ததே! மறுநாள் காலையில் அந்தக் காளைகளில் ஒன்று வயிறு உப்பிக் கால்களை நீட்டிப் படுத்துவிட்டது. மத்தியானம் செத்தது.

அண்ணன் வேல்கம்போடு வந்தார். நான் களத்தில் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தேன்.

"கண்ணு வெச்சே கொன்னுட்டயேடா! கம்புல அடிச்சவன் இப்பக் கண்ணுல அடிக்கறயா?"

நான் பத்து வரை எண்ணத் தொடங்கினேன். ஆறு எண்ணியபோது கம்பு என் தொடையில் இறங்கியது. ஏழிலிருந்து பத்து வரை கீழே கிடந்தபடியே எண்ணினேன். திருப்பி அடிக்கவில்லை. ரத்தம் கடலைக்கொடியை நனைத்தது. நான் திருப்பி அடிக்காததைப் பார்த்து அவருக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடியேவிட்டார். அந்தத் தொடை இன்றும் மழைக்காலத்தில் குடையும்.

புண் ஆறியதும் அடுத்த பாடத்தை எடுத்துக்கொண்டேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். சந்தையில் பத்துப் பேர் பார்க்க அவர் முன்னால் போய் நின்று, "அன்னைக்கு உங்க கையை ஒடிச்சது என்ற தப்புத்தானுங்கண்ணா, மன்னிச்சுப் போடுங்க" என்றேன். அவர் இளகவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"பாத்துக்கங்கப்பா, எல்லாரும் சாச்சி. இவன் என்னமோ பண்றதுக்குத் தயாராயிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று திரும்பி வரும் வழியில் அவருடைய மச்சான்கள் இருவர் என்னை ஓடையில் தள்ளி மிதித்தார்கள். இரண்டு பல் போயிற்று. அன்றிலிருந்து அண்ணன் விசேஷ வீடுகளில் என் பந்தியில் உட்காருவதில்லை. விஷம் வைத்துவிடுவேன் என்று பயமாம். வைதுகொண்டும் அடித்துக்கொண்டும் இருந்த பத்து வருஷத்தில் ஒரு நாளும் அவர் என்னைக் கண்டு பயந்ததில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

அந்தச் சித்திரையில் கிணறு வற்றி அடிப்பாறை தெரிந்தது. பிறகு ஒரு கோடை மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் அண்ணனுடைய முறை. தண்ணீர் கூடுவதற்குள் அடியில் சேர்ந்த சேற்றை வாரிவிட வேண்டும் என்று மண்வெட்டியோடு தனியாகக் கிணற்றில் இறங்கியிருந்தார். எங்கள் கிணற்றுக்குக் கீழே பாறை, மேலே பாதிக்குப் பாதி வெறும் செம்மண், கல்கட்டு கிடையாது. நான் என் காட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அவருடைய தலைக்கு நேர் மேலே, பத்து வண்டி மண் கொள்ளும் அகலத்துக்கு, கரையில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் கை உள்ளே போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் மண் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது.

"அண்ணா, மேல வாங்க. கரை விட்டிருக்குதுங்க" என்றேன், நான் பழகியிருந்த நிதானமான குரலில்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மண்வெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"ஊத்துக்கண்ணு தொறந்திருக்குது, அதைப் பாத்து உனக்கு வயிறு எரியுதாக்கும்? உன்ற சோலியப் பாத்துக்கிட்டுப் போடா."

"சத்தியமாச் சொல்றனுங்கண்ணா. உங்க நல்லதுக்குத்தானுங்க."

"நீ எப்ப இருந்துடா என்ற நல்லதப் பாக்க ஆரம்பிச்சே? மேல வந்தா கல்லத் தூக்கித் தலையில போடலாம்னு நிக்கறயா? நான் வாரேனா பாரு!" சொல்லிவிட்டு அவர் இன்னும் உள்ளே ஒண்டினார், அந்த விரிசலுக்கு நேர் கீழே.

நான் கும்பிட்டேன். நம் பாட்டன் மேல் ஆணை என்றேன். என் குழந்தைகள் மேல் ஆணை என்றேன். நல்ல வார்த்தை ஒவ்வொன்றும் அவரை ஒரு சாண் உள்ளே தள்ளியது. விரிசல் வழியாகத் தண்ணீர் கசிந்து கறுப்பாக இறங்கியது. இறங்கிப்போய் இழுத்து வரலாமா என்றால், என்னைப் படியில் பார்த்தாலே மண்வெட்டியை வீசுவார். இரண்டு பேரும் அடியில் கிடப்போம். பக்கத்துக் காட்டில் எட்டுப் பத்துப் பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள், அண்ணனின் மனைவியும் அவர்களில் ஒருத்தி. நான் வாயைத் திறந்து வைதால் அத்தனை பேரும் சாட்சி. எழுதிக் கொடுத்த வருஷம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஜெயிலின் கூழ் நாற்றம் அந்த நிமிஷம் என் மூக்கில் ஏறியதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மூச்சு நேரம் நான் சும்மா நின்றேன். அந்த ஒரு மூச்சுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய்! ஒரே அப்பனுக்குப் பொறந்தவனா இருந்தா மேல வாடா! பொந்துக்குள்ள எலி மாதிரி என்னடா ஒளியறே? உன்ற அம்மா உன்னைய எவனுக்குடா பெத்தா?"

பக்கத்துக் காட்டில் பெண்கள் நிமிர்ந்தார்கள். நான் நிறுத்தவில்லை. என்னை மடியில் போட்டுச் சோறு ஊட்டிய பெரியம்மாவைப் பற்றி, செத்துப்போய்விட்ட அந்த மனுஷியைப் பற்றி, இங்கே எழுத முடியாததையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

அண்ணன் படியில் ஏறினார் என்று சொல்ல முடியாது, பாய்ந்தார். இரண்டு மூன்று படியாகத் தாண்டி, வாயில் நுரை தள்ள, மண்வெட்டியை ஓங்கியபடி கரைமேல் வந்தார். நான் ஓடவில்லை. ஓடினால் அவர் துரத்துவதை விட்டுவிட்டு மறுபடியும் இறங்கிவிடுவாரோ என்று பயம். மண்வெட்டியின் பின்பக்கம் என் இடது தோளில் விழுந்தது. காறையெலும்பு உடைந்தது. மண்டியிட்டேன். இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதை அவர் தலைக்கு ஓங்கினார்.

அப்போது பூமி அதிர்ந்தது. அவருக்குப் பின்னால் கரை ஒரே துண்டாகக் கழன்று உள்ளே போயிற்று. தண்ணீர் எழும்பி எங்கள் இருவர் மேலும் அடித்தது. மண்வெட்டி அவருடைய தலைக்கு மேலேயே நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அவர் நின்று சேறு வாரிய இடம் இல்லை. பாறையே தெரியவில்லை, பாதிக் கிணறு மண்ணாக இருந்தது.

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "இதுக்காடா வைதே?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"சொன்னனேண்ணா."

"நீ வாங்க போங்கன்னு கூப்புட்டா நான் எப்படிரா நம்புவேன்?" என்றார். வண்டியில் ஒற்றைக் காளையோடு கூட யாருடைய மாட்டையோ பூட்டி, என்னை வைக்கோல் மேல் படுக்க வைத்து, அவரே ஓட்டினார். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். சக்கரம் பள்ளத்தில் இறங்கி நான் முனகும்போதெல்லாம் கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அந்த வார்த்தைகளைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சட்டையைக் கத்தரித்துத் தோளைப் பார்த்துவிட்டு, இது அடிபட்ட காயம், போலீசுக்கு எழுத வேண்டும் என்றார். யார் அடித்தது என்று கேட்டார். கிணற்றுப் படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தானுங்க அடிச்சேன்."

"எதுக்கு அடிச்சே?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ற உசுரக் காப்பாத்துனானுங்க. அதுக்கு அடிச்சுப் போட்டனுங்க."

கம்பவுண்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது. தோள்வலி என்று நினைத்துக்கொண்டு அண்ணன் குனிந்து துண்டால் என் முகத்தைத் துடைத்தார்.

"அழுவாதடா நாயே" என்றார்.