பதினோரு பேருக்குச் சொல்லணுமாம்

போன வாரம் எங்கள் வீட்டில் கல்யாணம் இல்லை, சாவு துட்டி இல்லை, பிள்ளைப்பேறு இல்லை. ஆனாலும் காலையில் பால் பொங்கும் முன்னே ஆரம்பித்த போன் மணி, விளக்கணைக்கிற வரைக்கும் ஓயவில்லை.

ஏன் தெரியுமா? முருகன் சொல்லிவிட்டானாம்.

முதல் போன் வள்ளியூரிலிருந்து வந்தது. எடுத்தது அத்தை – என் மாமியார். பேசியது அவர்களுடைய அண்ணன் பெண்சாதி. அத்தைக்கு மதினி, எங்களுக்கு வள்ளியூர் பெரியவங்க. திருச்செந்தூர் கடற்கரையில் ஒரு கிழவருக்கு முருகன் காட்சி கொடுத்தானாம். அதைக் காதில் வாங்கியவர்கள் பதினோரு பேருக்குப் போனில் சொல்ல வேண்டுமாம். சொன்னால் நல்ல சேதி வரும். சொல்லாமல் விட்டால் வீட்டில் ஒருத்தருக்கு...

அதற்கு மேல் மதினி சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அத்தை இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

அத்தைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர். அவரைப் பற்றி அத்தைக்குக் கவலை கிடையாது... கவலைப்பட நான் இருக்கிறேனே. இளையவன் குமார் துபாயில் கட்டட வேலையில் இருக்கிறான். உயரமான சாரத்தில் நின்று வேலை பார்க்கிற பிள்ளை. 'வீட்டில் ஒருத்தருக்கு' என்றதும் அத்தையின் மனது நேராக அந்தச் சாரத்தில் போய் ஏறிக்கொண்டது.

"செண்பகம், பதினோரு பேருகிட்ட சொல்லி முடிக்காம பச்சத்தண்ணி பல்லுல படாது" என்றார்கள்.

"அத்தை, நீங்க சர்க்கரைக்கு மாத்திரை போடுதிய. சாப்பிடாம இருந்தா மயக்கம் வந்துரும்லா."

"மயக்கம் வந்தா எனக்குத்தான வரும். புள்ளைக்கு ஒண்ணும் வராதுல்லா."



கெஞ்சிக் கூத்தாடி, ஒரு பொழுது மட்டும் சாப்பிடச் சம்மதிக்க வைத்தேன். அடுத்த பிரச்சினை பதினோரு பேர். எங்கள் சொந்தத்தில் போன் வைத்திருப்பவர்கள் ஏழு வீடுதான். ஏழு பேரிடமும் சொல்லியாயிற்று. பாக்கிக்கு எங்கே போவது? அத்தை கேஸ் புக் பண்ணுகிற நம்பரைச் சுழற்றினார்கள்.

அந்தப் பக்கம் ஒரு பையன் கன்ஸ்யூமர் நம்பரைக் கேட்டிருக்கிறான்.

"அது கெடக்கட்டும் தம்பி. நீ பையக் கேளு. திருச்செந்தூர்ல..."

அவன் வைத்துவிட்டான். வைத்துவிட்டால் அது கணக்கில் வருமா, வராதா? அன்று சாயங்காலம் முழுக்க இதே விசாரம். பாதி கேட்டவனை அரை ஆளாக வைத்துக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நிஜமான தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அத்தை சொன்ன ஏழு பேருக்கும் ஆளுக்குப் பதினோரு பேர் வேண்டாமா? அவர்களும் சொந்தத்தில் போன் உள்ள வீட்டுக்குத்தானே பேசுவார்கள்? எங்கள் வீட்டில் போன் இருக்கிறதே... அனுப்பிய சேதி அத்தனையும் ஊரைச் சுற்றி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. அத்தையின் தங்கச்சி, ஆழ்வார்திருநகரி சித்தி பேசினாள். அவள் சம்பந்தி பேசினாள். வள்ளியூர் பெரியவங்களே மறுபடியும் பேசினார்கள்.

"அத்தை, இது நீங்க அனுப்புன சேதிதான். திரும்பி வருது, அவ்வளவுதான்."

"அது எப்படிளா? இது வேற போனு. இதுக்கு வேற பதினொண்ணு."

என் வீட்டுக்காரர் ஒரு பூட்டு வாங்கி வந்து டயலில் மாட்டினார். இங்கிருந்து போகிற போன் நின்றது. வருகிற போனை எந்தப் பூட்டு நிறுத்தும்? வர வர அத்தையின் பாக்கி ஏறிக்கொண்டே போனது. முகம் இறங்கிக்கொண்டே வந்தது.

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன் – நம்பவில்லையே தவிர, அந்த வாரம் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றி வைத்தேன். எதற்கு வம்பு?

வெள்ளிக்கிழமை குமார் பேசுகிற நாள். அங்கே அவனுக்கு லீவு. மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது மணி அடிக்கும். அவன் தங்கியிருக்கிற இடத்தில் போன் கிடையாது. வெளியே போய்த்தான் பேசுவான். நாங்கள் கூப்பிட வழி இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்து, ஆழ்வார்திருநகரி சித்தி தன் சேதியைச் சொல்லி முடித்து, மருமகள் கதைக்குப் போய்விட்டாள். அவள் வைத்ததும் வள்ளியூர். அதற்கப்புறம் சம்பந்தி. சொந்தபந்தம் பேசும்போது 'வையுங்கள்' என்று சொல்ல அத்தைக்கு வாய் வராது. எல்லாம் ஓய்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. குமாரிடமிருந்து போன் வரவில்லை.

எனக்குக் காரணம் புரிந்தது. லைன் சும்மா இருந்தால்தானே அவன் பேச முடியும்? அத்தைக்கு வேறு காரணம் புரிந்தது.

"பாத்தியா... நாலு பேரு கொறஞ்சது எம்புள்ள தலையில விடிஞ்சிருக்கு."

சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது. வாயில் ஒரு கரண்டி வெல்லத்தைத் திணித்து, கொஞ்சம் தெளிந்ததும் முகம் கழுவச் சொல்லி, பக்கத்துச் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். என் திட்டம் சுலபமானது. பூசை வைக்கிற பட்டர் நல்ல மனுஷர். அவர் வாயால் 'இதெல்லாம் சும்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல வைத்தால் போதும். நான் சொன்னால் மருமகள் பேச்சு. அவர் சொன்னால் சாமி பேச்சு.

தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பட்டர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"எனக்கும் வந்ததும்மா."

"நீங்க என்ன செஞ்சிய?"

"எதுத்தாத்துப் போன்ல போய் பதினோரு பேருக்கும் பேசிட்டு வந்துட்டேன். என்னத்துக்கு வம்பு?"

நான் யாரை நம்பி வந்தேன், பாருங்கள்.

திரும்பி வந்தால், அத்தை நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு பெண் நந்தியின் காதைக் கையால் மறைத்து ஏதோ வேண்டிக்கொண்டு போனாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. நானாகத் தோன்ற வைத்துக்கொண்டது இல்லை, சத்தியமாக.

"அத்தை, போன் வாரதுக்கு முன்னால சாமிக்கு யாரு மூலமா சேதி சொன்னோம்?"

"நந்தி காதுலதான்."

"அப்ப இதையும் இவருகிட்ட சொன்னா என்ன?"

அத்தை யோசித்தார்கள். "முருகன் சொன்னத அப்பாகிட்ட சொன்னா... கோள் சொன்ன மாதிரி ஆகாதா?"

"பெத்தவர்கிட்ட சொல்லுததுல என்ன கோள்?"

"நந்தி ஒரு ஆளுதான?"

"நந்தி கேட்டா சாமி கேட்ட மாதிரி. சாமி கேட்டா?"

அத்தையின் உதடு அசைந்தது. கணக்கு ஓடுகிறது. "பதினாலு லோகமும் கேட்ட மாதிரி."

அப்புறம், வாரம் முழுக்கக் காணாத ஒரு தெளிச்சியோடு சொன்னார்கள்: "பதினொண்ணு போவ மூணு மிச்சம். அத மதினி கணக்குல வச்சிக்கிடட்டும். பாவம், அவங்களும் ஆள் கெடைக்காம அலையுதாங்க."

எழுந்துபோய் நந்தியின் காதோடு வாய் வைத்துச் சொன்னார்கள். நிறையச் சொன்னார்கள். திரும்பி வந்த சேதிகளுக்கெல்லாம் சேர்த்துச் சொன்னார்கள் போலிருக்கிறது. பின்னால் பிரகாரம் சுற்றுகிறவர்கள் காத்து நின்றார்கள். அத்தை முடித்ததும் நானும் போனேன். இதை முதன்முதலில் ஆரம்பித்து வைத்த புண்ணியவான் வீட்டுப் போன் ஆயுசுக்கும் எங்கேஜ்டாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தப்பென்றால் நந்தி சாமியிடம் சொல்லாமல் விட்டுவிடட்டும்.

கோயிலிலேயே பொங்கல் பிரசாதம் வாங்கி அத்தையைச் சாப்பிட வைத்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மணி அடித்தது. அத்தை ஓடிப்போய் எடுத்தார்கள்.

"யம்மா, மத்தியானத்துல இருந்து போடுதேன். எங்கேஜ்டு எங்கேஜ்டுனே வருது. செத்த நேரம் விட்டுட்டு இப்ப போட்டேன், ரிங்கு போச்சு. யாருகிட்ட அவ்வளவு நேரம் பேசுதிய?" – குமார்தான். சத்தம் எனக்கே கேட்டது.

"எய்யா..." அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். "எய்யா, ஒரு விஷயம் கேளு. திருச்செந்தூர்ல..."

போச்சு, சேதி துபாய்க்கும் போகப் போகிறது.

அத்தை என்னைப் பார்த்தார்கள். போனைப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லய்யா. சாரத்துல பாத்து நில்லு. சாப்ட்டியா?" என்றார்கள்.

மறுநாள் காலையில் டயல் பூட்டைத் திறக்கச் சொல்லி, வள்ளியூருக்கு அத்தையே பேசினார்கள். நந்தி காதில் சொன்னது, மூணு மிச்சம் விட்டது எல்லாவற்றையும் விளக்கினார்கள். சேதி சொந்தத்துக்குள் ஒரு சுற்று சுற்றியது. அதோடு எங்கள் வீட்டுப் போன் ஓய்ந்தது. வள்ளியூரில், ஆழ்வார்திருநகரியில், இங்கே... அந்தந்த ஊர் நந்திக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூட்டமாம்.

பயம் வந்தால் நாம் என்ன செய்கிறோம், யோசித்துப் பாருங்கள். அதை இன்னொருத்தர் தலையில் இறக்கி வைத்துவிட்டு, நம் தலை லேசானதாக நினைத்துக்கொள்கிறோம். அவர் இன்னொருத்தர் தலையில்... கடைசியில் அது வீடு தேடி நம்மிடமே வந்து நிற்கிறது.

கேட்டதை அடுத்தவரிடம் சொல்லாத காது ஊருக்கு ஒன்றாவது வேண்டும்தான். எங்கள் ஊரில் அது கல்லில் இருக்கிறது.