ஹமீதாவை வரச் சொல்லவா, வேண்டாமா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். காகிதத் தட்டுப்பாடு என்று சொல்லி ஆசிரியர் என்னைக் காப்பாற்றிவிட்டார். உண்மை அது இல்லை. காகிதமும் இருந்தது, மையும் இருந்தது. எனக்குத்தான் எழுத ஓடவில்லை.

காரணம் — ஒரு தபால் கார்டு.

கார்டு என்றால் தெரியுமே... தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "யாரும்மா அந்த ஹமீதா?" என்று அவர் கேட்காததுதான் பாக்கி. எழுதியிருந்தவள் ரோஸலின். ஸ்கூலில் எனக்குப் பின் பெஞ்சு. இப்போது திருச்சியில் அதே பெண்கள் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர்.

'அன்புள்ள தனம், நம் ஆறாவது பாரம் பெண்கள் எல்லோரும் வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு நம் பழைய வகுப்பிலேயே கூடுகிறோம். பதினோரு பேரில் ஏழு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். நீ அவசியம் வர வேண்டும். ஒரு விஷயம். ஹமீதாவுக்கும் எழுதினேன். தனம் வருவதானால் தான் வரவில்லை, அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறாள். அவளை வரச் சொல்லவா, வேண்டாமா? நீயே சொல்.'

நீயே சொல்! எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாள்...

கொஞ்சம் பின்னால் போகிறேன். அப்போது எங்கள் வீடு தெப்பக்குளத்துப் பக்கம். அப்பாவுக்கு வாழைத்தார் வியாபாரம். தொட்டியத்திலிருந்து வண்டி வண்டியாகத் தார் வரும். ஹமீதாவின் அத்தாவுக்குப் பெரிய கடை வீதியில் அத்தர்க் கடை. அவள் திரை போட்ட ஜட்காவில் ஸ்கூலுக்குப் போவாள். வழியில் எங்கள் வாசலில் நிறுத்தி என்னையும் ஏற்றிக்கொள்வாள். ஐந்து வருஷம் ஒரே வண்டி, ஒரே பெஞ்சு. வண்டிக்குள் அத்தர் வாசனை. என் கையில் எப்போதும் இரண்டு வாழைப்பழம்.

ஆறாவது பாரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அழுதேன். "ஸ்கூல் பைனல் பரீட்சை எழுதின பிறகுதான் கல்யாணம். போதுமா?" என்றார் அப்பா. போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் ஒரு நாள், எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் குடையும் கையுமாக வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்கள் பெண் கணக்கில் கெட்டிக்காரி. பரீட்சை முடிகிற வரைக்குமாவது கல்யாணத்தைத் தள்ளி வையுங்கள். ஹமீதா என்னிடம் வந்து அழுதாள்" என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் வீட்டு விஷயம் ஸ்கூல் வரை போய்விட்டதா? மறுநாளிலிருந்து படிப்பு நின்றது. தை மாதம் தாலி ஏறியது.

பரீட்சை எழுதிவிட்டுக் கல்யாணம் என்று அப்பா ஒப்புக்கொண்ட விஷயத்தை, இவள் போய் உளறிக் கெடுத்துவிட்டாளே!

படிப்பு நின்ற அன்று காலையும் வழக்கம்போல ஜட்கா வந்து நின்றது. நான் வாசலுக்குப் போய், திரையைக்கூட விலக்காமல் சொன்னேன்: "இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன். போ." வண்டி போய்விட்டது. பிறகு இரண்டு கடிதம் போட்டாள். இரண்டையும் பிரிக்காமலே கிழித்தேன்.

இருபது வருஷம் ஓடிவிட்டது.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பதில் எழுதினேன். ஒன்றில்: 'நான் வரவில்லை, அவள் வரட்டும்.' படித்துப் பார்த்தால் பெரிய தியாகி மாதிரி இருந்தது. இன்னொன்றில்: 'நான் வருகிறேன், அவள் வேண்டாம்.' இது நீதிபதி மாதிரி. இரண்டையும் அலமாரியில் போட்டேன். மனசுக்குள் இன்னொரு அரிப்பும் இருந்தது. நான் பரீட்சையே எழுதாதவள். பாஸ் செய்து டீச்சரானவர்களுக்கு நடுவில் போய் நானும் அந்த வகுப்புதான் என்று உட்கார எனக்கென்ன உரிமை?

என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. அதிகம் பேசாதவர். வெள்ளிக்கிழமை... இல்லை, வியாழன்... சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரசத்துல உப்பு இல்ல. நேத்தும் இல்ல. போறதுன்னா போயிட்டு வாயேன், தனம்."

"அவ வந்தா?"

"வரட்டுமே. நெசமாப் பாத்தா அந்தச் சண்டைக்குக் காரணமே நான்தான். என்னைக் கட்டிக்கத்தானே உன் படிப்பை நிறுத்தினாங்க? என்மேல கோபம் இல்லையா உனக்கு?"

"உங்களை அப்ப எனக்குத் தெரியவே தெரியாதே! தெரியாத ஆள்மேல எப்படிக் கோவிச்சுக்கறது?"

மனிதர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு அந்தக் கார்டை மறுபடியும் எடுத்துப் படித்தேன். 'அவளுக்குச் சங்கடம் வேண்டாம்.' என்னை எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. வரவில்லை என்கிற போதும் என் சங்கடத்தைத்தான் நினைத்திருக்கிறாள். உளறிக் கெடுத்தவள் இப்படியா எழுதுவாள்?

மூன்றாவதாக ஒரு கார்டு எழுதினேன். 'ஹமீதாவை வரச் சொல். நானும் வருகிறேன்.' மனசு மாறுவதற்குள் அவர் கையில் கொடுத்து, ஆபீஸ் போகிற வழியில் போடச் சொன்னேன்.

சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற பஸ். யுத்தம் வந்த பிறகு அதன் குணம் உங்களுக்குத் தெரியாததா? காவிரிப் பாலத்தின் நட்டநடுவில் இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி பின்பக்க அடுப்பின் கைப்பிடியைச் சுற்றினார், சுற்றினார்...

"அவசரம்னா நடந்திடுங்கம்மா. இது எப்பக் கிளம்பும்னு சொல்ல முடியாது" என்றார்.

இறங்கினேன். இந்தப் பக்கம் போனால் வீடு. அந்தப் பக்கம் போனால் ஸ்கூல். கீழே ஆறு நிறையத் தண்ணீர். பஸ் நின்றுவிட்டது, வர முடியவில்லை என்று எழுதிவிட்டால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நல்ல காரணம். நிஜமான காரணம் வேறு! ஆனால் நான் வருவேன் என்று நம்பி ஒருத்தி இந்நேரம் கிளம்பி வந்திருந்தால்? அதை நினைத்ததும் கால் மலைக்கோட்டைப் பக்கம் திரும்பியது. பாலத்தைத் தாண்டி ஒரு ஜட்கா பிடித்து, முகத்தில் கரியோடு போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பில் ஆறு பேர் இருந்தார்கள். ஒரே சமயத்தில் ஆறு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் கப்சிப். எல்லோருக்கும் பழைய கதை தெரியும்! கடைசி பெஞ்சில் கறுப்பு புர்க்கா. முகத்திரையைத் தூக்கிவிட்டிருந்தாள். காதோரம் நரை. கண் மட்டும் அதே கண்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

ஐந்து வருஷம் என்னை 'நீ' என்றே கூப்பிட்டவள், 'நீங்க' என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

"என்ன, நீங்கங்கறே? நான் என்ன உன் மாமியாரா?"

யாரோ சிரித்தார்கள். ரோஸலின் புத்திசாலி. எல்லோரையும் வெல்லக் காப்பி குடிக்க வராந்தாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் இருவர் மட்டும்.



"உங்கம்மா தவறிப்போயிட்டாங்களாமே? இப்பத்தான் ரோஸலின் சொன்னா" என்றாள் ஹமீதா.

"ஆமாம். ரெண்டு வருஷமாச்சு."

கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்படின்னா இனிமே சொல்லலாம். அவங்க இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு அல்லா மேல ஆணையா சொல்லியிருந்தேன்."

"என்னத்தை?"

"பெரிய டீச்சரம்மா உங்க வீட்டுக்கு வந்தாங்களே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உனக்குக் காய்ச்சல். ஸ்கூலுக்கு வரல. சாயங்காலம் உங்க வாசல்ல வண்டியை நிறுத்தி விசாரிச்சேன். உங்கம்மா ஒரு சீப்பு பழத்தோட வந்தாங்க. பழம் குடுக்கிற மாதிரி திரைக்குள்ள தலையை நீட்டினாங்க. 'அவரு தை மாசமே முகூர்த்தம்னு மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் குடுத்துட்டாரு. என் காதால கேட்டேன். பரீட்சைன்னு புள்ளைகிட்ட சும்மா சொல்லிக்கிட்டிருக்காரு. நான் சொன்னா எடுபடாது. உங்க பெரிய டீச்சரம்மா வந்து கேட்டா ஒருவேளை கேப்பாரு. போய்ச் சொல்லு, கண்ணு. நான் சொன்னதா யாருக்கும் தெரியக் கூடாது, தனத்துக்கும்கூட'ன்னாங்க."



என் அம்மா! அப்பாவுக்கு எதிரில் முழுசாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. ஹமீதாவை நான் வாய்க்கு வந்தபடி திட்டியபோதெல்லாம், "அந்தப் பொண்ணை வையாதே, தனம்" என்று மட்டும் சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விடுவாள். பயந்த சுபாவம் என்று நினைத்தேன். என் படிப்பு நின்றதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்றும் நினைத்தேன்.

"ஏண்டி, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா உங்கம்மாகிட்டப் போய்க் கேட்டிருப்பே. உங்கப்பா காதுல விழுந்திருக்கும். அப்புறம் அவங்க கதி?"

நியாயம்தான். நான் அப்படித்தான்.

"ரெண்டு லெட்டர் போட்டியே... அதுல என்ன எழுதியிருந்தே?"

"ஒண்ணுல மன்னிச்சிக்கோன்னு. இன்னொண்ணுல, எனக்கும் நிச்சயமாயிடுச்சு, நானும் பரீட்சை எழுதலைன்னு."

அவளும் எழுதவில்லை! இவ்வளவு வருஷமாக, அவள் பாஸ் செய்து எங்கோ நன்றாக இருக்கிறாள் என்று கற்பனை செய்து வயிறெரிந்திருக்கிறேன். அந்தக் கடிதத்தைப் பிரித்திருந்தால்... சரி, விடுங்கள். அவள் தோளில் சாய்ந்து நான் அழுத அழுகையில் அந்தப் புர்க்காவில் கரியும் கண்ணீரும் ஒட்டிக்கொண்டன. "துணியை நாசமாக்கிட்டியே" என்று சொல்லிக்கொண்டு அவளும் அழுதாள்.

வராந்தாவிலிருந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். பேச்சு வாக்கில் தெரிந்தது — வந்திருந்த ஏழு பேரில் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோருமே என்னைப்போல, வருவதா வேண்டாமா என்று வீட்டில் புழுங்கிவிட்டு வந்தவர்கள்தான்.

"இப்பவும் எழுதலாம்டி. ஸ்கூலுக்கு வராமலே தனியா மெட்ரிகுலேஷன் எழுதலாம். நான் இங்கிலீஷ் சொல்லித் தரேன்" என்றாள் ரோஸலின்.

எல்லோரும் சிரித்தோம். இந்த வயதில் ஹால் டிக்கெட்டா? ஹமீதா மட்டும் சிரிக்கவில்லை.

"கணக்கை மட்டும் யாராவது சொல்லிக் குடுத்தா நான் எழுதிருவேன்" என்றாள்.

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத்தான் சொன்னாள்.

ஆகவே வாசகர்களே, நேற்று மத்தியானம் பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஹமீதா வீட்டு மாடியில், முதல் கணக்கு வகுப்பு நடந்தது. பாதி மறந்துவிட்டது எனக்கு. ஓர் அல்ஜீப்ரா கணக்கில் இரண்டு பேருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. கடைசியில் அவள் விடைதான் சரி. பத்து நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்த கணக்கைப் போட்டோம்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவர் அப்பா. படிப்பை நிறுத்தியவர் அப்பா. அவர்மேல் ஒரு நாள்கூட எனக்குக் கோபம் வந்ததில்லை. வரலாம் என்றுகூடத் தோன்றியதில்லை. ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள்மேல் வந்தது, இருபது வருஷம் அங்கேயே தங்கிவிட்டது.

கோபப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை... சரியான ஆள்மேல்தானா என்று மட்டும் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்!